வாளித் தண்ணீர்

மகள் கனடா போனபின் காலியான அறையில் ஆறு மீன் தொட்டிகள் வைத்திருக்கிறேன். இன்று வாளியில் பிடித்த குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை.

இதே மட்டாஞ்சேரி வீட்டில், அம்மா இறந்தபின் அப்பாவுக்குப் பேச்சுத்துணை மீன்கள்தான். இந்த வாடை போகட்டும் என்று ஒரு நாள் முழுக்க வாளியில் வைத்திருந்த தண்ணீரைத்தான் தொட்டியில் ஊற்றுவார். எட்டு வயதில் எனக்கு அது பழைய தண்ணீராகத் தெரிந்தது. அவர் வெலிங்டன் தீவுத் துறைமுகத்தில் வேலை முடிந்து வருமுன், குழாயிலிருந்து நேராகப் பிடித்து மாற்றிவிட்டேன். மீன்கள் எல்லாம் செத்து மிதந்தன.

வந்து தொட்டியைப் பார்த்தவர், "சாயா குடிச்சியா மோளே?" என்று மட்டும் கேட்டார்.

அதன்பின் அவர் மீன் வாங்கவேயில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் வாளிகளை நிரப்பி வைத்தார்.

என் தொட்டிகளிலும் இன்னும் மீன் இல்லை. நாளைக்கும் தண்ணீர் பிடிக்க வேண்டும்.