இரண்டு மெஷினில் பார்த்த வெளிச்சம்

உங்கள் அம்மாவுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது நீங்கள் சின்னப் பிள்ளைகள். என்ன நடந்தது என்று இப்போது கேட்கிறீர்கள். எனக்குப் புரிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

நோய் வந்த ரத்த அணுவின் மேல்பக்கத்தில் கைப்பிடி மாதிரி ஒன்று இருக்குமாம். அதைப் பற்றிக்கொண்டுதான் ஊசி மருந்து அணுவைக் கொல்லும். அந்தக் கைப்பிடிகளில் மின்னும் சாயத்தை ஒட்டவைத்து, அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் முன்னால் ஓடவிட்டு, எவ்வளவு மின்னுகிறது என்று ஒரு மெஷின் அளக்கும். மின்னுவது குறைந்தால் மருந்துக்குப் பிடி இல்லை என்று அர்த்தம்.

முதல் சோதனை சித்தூரில் நடந்தது. சில ஊசிகள் போட்ட பிறகு மறுசோதனை திருப்பதியில். ரிப்போர்ட் வந்ததும் எண்ணைத்தான் பார்த்தேன். பழையதைவிடப் பெரியது.

"மருந்து நல்லா புட்ச்சிக்கினு கீது!" என்று பஸ் ஸ்டாண்டிலேயே கத்தினேன். டாக்டரை மறுநாள்தான் பார்க்க முடியும். எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கே மலைக்குப் போய் வேண்டுதல் மொட்டையைப் போட்டுக்கொண்டு வந்தேன்.

அம்மா சிரித்தாள். "எனக்கு முடி மருந்துல போச்சி, உனக்கு கத்தில போச்சி. ஜோடி நல்லாத்தான் கீது."

மறுநாள் டாக்டர் இரண்டு ரிப்போர்ட்டையும் பார்த்து, எங்களை லேபுக்கு அனுப்பினார். அங்கிருந்த பெண் சொன்னாள்: "அண்ணா, இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல வச்சு பாக்கக் கூடாது. மெஷின் வேற, செட்டிங் வேற."

நான் நகரியில் தறி ஓட்டுகிறவன். ஒரு நூலை டியூப்லைட்டிலும் இன்னொன்றை வெயிலிலும் பார்த்துவிட்டு ஒரே சாயம் என்று தறியில் ஏற்ற மாட்டேன். இரண்டையும் வாசலுக்குக் கொண்டுபோய்த்தான் பார்ப்பேன். எண் என்றதும் அது எனக்குத் தோன்றவில்லை.

எவ்வளவு மின்னும் என்று முன்பே தெரிந்த பொடி மணிகளை இரண்டு லேபிலும் ஓட்டியிருந்தார்களாம். அந்தப் பெண் சித்தூருக்குப் போன் போட்டுக் கேட்டு, அந்த மணிகளை வைத்து இரண்டு எண்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தாள்.

"கம்மியாயிருக்குண்ணா. ரொம்ப."

டாக்டர் அந்த ஊசியை நிறுத்தினார். வேறு மருந்துக்குச் சென்னை போகச் சொன்னார். வெளியே வந்த அம்மா என் தலையைப் பார்த்தாள். "குட்த்த முடிய திருப்பி கேக்க முடியாதா?" என்றாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

சென்னையில் புது மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது என் தலையில் மட்டும் முடி முளைத்துவிட்டது. அவள் கண்ணில் படாமல் இருக்கத் துண்டு கட்டிக்கொண்டேன்.

"கட்னா தெரியாதா இன்னா?" என்று அவளே துண்டை அவிழ்த்து, கையால் தடவிப் பார்த்தாள். முள்ளு மாதிரி குத்துகிறது என்றாள். அது நான் வாரும் அளவுக்கு வளர்ந்தபோது அவள் இல்லை.