முந்தி வைத்த மண்குதிரை

என் தம்பி அடைக்கலம் வண்டிக்காரன். கறம்பக்குடிச் சந்தையில் மூட்டை ஏற்றினால் கீரனூர் போய்ச் சேரும்வரை மாட்டின்மேல் சாட்டை படாது. தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை. அப்படி இன்னொரு வண்டிக்காரனை நான் பார்த்ததில்லை.

1937இல் அவன்மேல் மாட்டுத் திருட்டு வழக்கு வந்தது. பண்ணைக்காரர் ஒருவரின் உழவு மாடுகள் காணாமல் போன இரவில், அவன் கீரனூர் வண்டிப்பேட்டையில் படுத்திருந்தான். பக்கத்தில் படுத்திருந்த மூக்கன் ஒருவன்தான் அதற்குச் சாட்சி. தம்பி விடுதலையானால் ஐயனாருக்கு மண்குதிரை வைப்பதாக ஆத்தா நேர்ந்துகொண்டாள்.

கோர்ட்டில் பண்ணைக்காரரின் சாட்சிகள் ஆளுக்கொன்றாக உளறினார்கள். மூக்கனைக் கூப்பிடும் முன்பே மாஜிஸ்திரேட் தம்பியை டிஸ்சார்ஜ் செய்துவிட்டார். போகலாம் என்றார்கள்; வந்துவிட்டோம். ஊர்க் குயவரான வேளார் குதிரை செய்து, கண் திறந்து கோயிலில் நிறுத்தினார்.

வழக்குக்காகப் பினாங்குப் பயணத்தைத் தள்ளிப்போட்டிருந்த மூக்கனை, தம்பியே வண்டி கட்டித் திருச்சி ரயிலுக்குக் கொண்டுபோய் விட்டான்.

“இனிமேலாச்சும் என் மூஞ்சியில முழிக்காம பொழைச்சுக்க, மாப்ளே” என்று சிரித்தானாம்.

ஆவணியில் பண்ணைக்காரர் புதுச் சாட்சிகளோடு மறுபடி பிராது கொடுத்தார். வக்கீல் குமாஸ்தா ஆத்மநாதனிடம் ஓடினேன்.

“அதான் ஒருதரம் விட்டாச்சேங்க?”

“டிஸ்சார்ஜ்தானேய்யா பண்ணாங்க? அக்விட் பண்ணலையே.”

“ரெண்டும் வெளிய விடுறதுதானுங்களே?”

“வண்டிக்கார வீட்டுக்கு வெளங்குற மாதிரி சொல்றேன். டிஸ்சார்ஜ்னா பாதி வழியில மாட்டை அவுத்து விட்டது. நெனைச்சா மறுபடி பூட்டலாம். அக்விட்டல்னா வண்டி ஊரு வந்து சேந்தாச்சு. முழுசா விசாரிச்சு, குத்தமில்லைன்னு தீர்ப்பே சொன்னது. அதே குத்தத்துக்குத் திரும்ப இழுக்க முடியாது. அது கெடக்கட்டும், அந்த மூக்கன் எங்க?”

“பினாங்குலங்க.”

குமாஸ்தா பேனாவை மூடினார். எந்தத் தோட்டம் என்று மூக்கன் வீட்டுக்கே தெரியவில்லை.

ஆத்தா மறுபடி வேளாரிடம் போனாள்.

“இன்னொரு குதிரை நேந்துக்கிறேன் வேளாரே, செஞ்சு குடுங்க.”

“ஒரு காரியத்துக்கு ஒரு குதிரைதான் ஆத்தா. காரியம் முடிஞ்சுச்சுன்னு நாமதானே சாமிகிட்டச் சொல்லிக் கண்ணைத் தெறந்தோம்?”

தம்பிக்கு இரண்டு வருடம் போட்டார்கள். திரும்பி வந்தவனைத் திருடன் என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. மூட்டை கேட்டுப் போனால், “வேற வண்டி சொல்லிட்டோமப்பா” என்றார்கள். மாடுகளை விற்றான்.

இப்போது கல்லுடைக்கப் போகிறான். கோயில் வழியே போனால் கிட்டம்தான். அவன் கண்மாய்க்கரையைச் சுற்றிக்கொண்டு போகிறான்.