உருகப் பார்த்த ரோம ராசா

தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து நாலாம் வகுப்போடு நின்றவன் நான். ஹட்டனில் கடை, சொந்த வீடு, ரோமாபுரி வெள்ளிக்காசுகள் எல்லாமே தனி ஆளாகச் சேர்த்தவை.

கோயிலில் அம்மனுக்குக் கண்மலர் செய்யப் பழைய வெள்ளி கேட்டார்கள். "அலுமாரியில இருக்க டப்பாவக் குடு" என்று மனைவியிடம் வீறாப்பாகச் சொன்னேன். பழைய கொலுசு டப்பாவுக்குப் பதிலாகக் காசு டப்பாவைக் கொடுத்துவிட்டாள். தெரிந்ததும் ஆசாரியின் பட்டறைக்கு ஓடினேன். உலை கனன்றுகொண்டிருந்தது.

ஆசாரி ஒரு காசைத் தூக்கிக் காட்டி, "மொதலாளி, இந்த மூக்கு நீண்டவரு உங்க தாத்தாங்களா?" என்றார்.

"ரோம ராசாங்க, போட்றாதீங்க!"

எத்தனையோ நூறு வருஷம் தப்பிய முகம், என் அவசர வாயால் போகப் பார்த்தது. பதிலுக்கு என் இடுப்பு வெள்ளி அரைஞாணையே கழற்றிக் கொடுத்தேன்.

இப்போது காசுகளைத் தனிப்பெட்டியில் பூட்டி, மனைவிக்கும் காட்டிவைத்திருக்கிறேன்.

கோயில் பலகையில் 'பொதுமக்கள் உபயம்' என்றிருக்கிறது. கோயில்காரர்களே, அரைஞாண் தந்த என் பேரையும் எழுதுங்கள்.