ஆமென் சொல்வதற்குள்

எனக்குப் பயம் வந்தால் முதலில் வயிறுதான் சொல்லும். பரீட்சை, ஊசி, பல் டாக்டர், மேனேஜர் அறையிலிருந்து வரும் மணிச்சத்தம், எல்லாவற்றுக்கும் ஒரே வயிறு. ஆனால் ஒரு சின்ன லேப்டாப்பைப் பார்த்து அது கலங்கும் என்று யாராவது சொல்லியிருந்தால், போய் வேலையைப் பார் என்றிருப்பேன்.

என் மகளின் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய லேப்டாப் அது. மூடி வைத்தால் சபையில் வாசிக்கிற பெரிய பைபிள் அளவுதான் இருக்கும். அவள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனபோது நல்லதாக இன்னொன்று வாங்கிக்கொண்டு இதை வீட்டிலேயே போட்டுவிட்டுப் போனாள். இராஜாக்கமங்கலம் பக்கத்து உப்புக்காற்று எதைத்தான் சும்மா விட்டது? கீல் இரண்டும் துருப்பிடித்து, திறக்கும்போது பழைய கேட் மாதிரி முனகும். அதற்குள்தான் அப்பாவின் சத்தம் இருந்தது.

அப்பா வடசேரியில் பெயிண்ட் கடை வைத்திருந்தவர். சபையின் பாடகர் குழுவில் பேஸ், அதாவது அடிக்குரல், பாடுவார். கடையில் பெயிண்ட் கலக்கிக்கொண்டே அவர் பாடினால் தெருமுனை டீக்கடை வரை கேட்கும். அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. குரல்வளையை எடுத்தே ஆகவேண்டும் என்று திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முந்தின வாரம் அம்மா கெஞ்சிக் கேட்டாள். அப்பா அந்த லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்து சில கீர்த்தனைகளைப் பாடினார், என் மகள் பதிவு செய்தாள். நடுநடுவே இருமல் வரும். ஒரு பாட்டில் அம்மா சமையலறையில் மூடியைக் கீழே போட்ட சத்தமும் இருக்கும்.

அதற்குப் பிறகு அப்பாவுக்குச் சத்தம் இல்லை. கழுத்தில் ஒரு துவாரம், அதன்மேல் வெள்ளைத் துணி. ஏதாவது வேண்டுமென்றால் மேசையைத் தட்டிக் கூப்பிடுவார். உதட்டசைவைப் பார்த்து நாங்கள் புரிந்துகொள்வோம்.

எங்கள் வீட்டில் சாயங்கால ஜெபம் தப்பாது. பாட்டை எடுத்துக் கொடுப்பது எப்போதும் அப்பாதான். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த வேலை லேப்டாப்புக்குப் போயிற்று. அம்மா அதைச் சாப்பாட்டு மேசையில் திறந்து வைப்பாள். அப்பாவின் குரல் வரும், அம்மா கூடச் சேர்ந்து பாடுவாள், என் மனைவியும் நானும் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போவோம். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அம்மாவுக்கு அது இல்லாமல் பொழுது அடையாது. போனில் ஏற்றி வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஜெப நேரத்தில் போன் எங்கள் வீட்டில் ஆகவே ஆகாது. எல்லார் போனையும் பிடுங்கி அரிசி டப்பா மேல் வைத்துவிட்டுத்தான் அம்மா வந்து உட்காருவாள். அதனால் போனில் ஏற்றவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

லேப்டாப்போ நாளுக்கு நாள் சண்டித்தனம் செய்ய ஆரம்பித்தது. அதோடு வந்த சிஸ்டம் மாதாமாதம் ஏதோ இறக்கி ஏதோ ஏற்றிப் பெருத்துக்கொண்டே போனது, உள்ளே இடம் இல்லை. அது எழும்பி வருவதற்குள் ஒரு நீளமான சங்கீதத்தையே வாசித்து முடித்துவிடலாம். ஒருநாள் பாட்டின் நடுவில் திரை மாறி, அணைக்காதீர்கள், புதுப்பிக்கிறோம் என்று சுற்ற ஆரம்பித்தது. அப்பாவின் குரல் பாதி வரியில் நின்றது. அம்மாவும் நின்றாள்.

"மக்ளே, இத என்னண்ணு பாரு. ஒரு நாளு ஒரேயடியா நிண்ணு போச்சுண்ணா நான் என்ன செய்வேன்" என்று என்னைக் கேட்டாள்.

நான் வேலை பார்க்கும் கூட்டுறவு வங்கியில் பக்கத்து மேசைக்காரருக்கு லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தின்மேல் பைத்தியம். பழைய சிஸ்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு லினக்ஸைப் போடு, அந்தக் குட்டி லேப்டாப் பறக்கும் என்றார். பென் டிரைவ் ஒன்று கொண்டு வந்தால் அதில் லினக்ஸை ஏற்றித் தருவதாகவும், அதை லேப்டாப்பில் செருகினால் மிச்சத்தை அதுவே கேட்டுக் கேட்டுச் செய்யும் என்றும் சொன்னார். ஒன்று மட்டும் அழுத்திச் சொன்னார். லேப்டாப்பில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், வேண்டியதை முதலில் எடுத்து வைத்துக்கொள்.

எடுத்து வைத்தேன். அன்று சாயங்காலமே வீட்டில் இருந்த பென் டிரைவில் பாட்டுகளை ஏற்றி, ஒன்றைப் போட்டும் பார்த்தேன். இத்தனை கவனமாக இருந்த நான் மறுநாள் செய்ததை நினைத்தால் இப்போதும் என்னையே நாலு சாத்து சாத்தத் தோன்றும். அதே பென் டிரைவைத்தான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். உள்ளே முக்கியமாக ஒன்றும் இல்லையே என்று பக்கத்து மேசைக்காரர் கேட்டார். கவுண்டரில் ஒருவர் நகையை மீட்க வந்து என்னோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். தலையை ஆட்டிவிட்டேன். அவர் அதை மொத்தமாகத் துடைத்து லினக்ஸை ஏற்றிக் கொடுத்தார்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையைத் துடைத்து லேப்டாப்பை வைத்தேன். அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. மொழி கேட்டது, சொன்னேன். ஊர் கேட்டது, சொன்னேன். டிஸ்கை முழுவதும் அழித்துவிட்டுப் போடவா என்று கேட்டது, ஆமாம் என்றேன். கடைசியாகத் திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. இதற்கு மேல் போனால் திரும்ப முடியாது, தொடரலாமா? எண்டரைத் தட்டினால் வேலை ஆரம்பித்துவிடும்.

அப்போதுதான் பக்கவாட்டில் செருகியிருந்த பென் டிரைவ் கண்ணில் பட்டது. சிவப்பு மூடி போட்ட பென் டிரைவ். பாட்டுகளை ஏற்றியதும் சிவப்பு மூடி போட்டதில்தான். வயிறு அப்படியே கீழே இறங்கியது.

எதையும் தொட எனக்குத் துணிச்சல் இல்லை. பெட்டியை மூடுவதற்குப் போய் வேறெதையாவது அழுத்திவிட்டால்? முதலில் பக்கத்து மேசைக்காரரைக் கேட்டுக்கொள்ளலாம் என்று எழுந்தேன். சமையலறையில் இருந்த அம்மாவுக்குக் கேட்காதபடி அப்பாவின் காதருகே குனிந்தேன்.

"அப்பா, பாட்டு பென் டிரைவ்ல இல்ல. இதுக்குள்ள மட்டும்தான் இருக்கு. இந்த எண்டரத் தட்டினா எல்லாம் போயிரும். தொடாண்டாம், நான் போன் பண்ணிட்டு வாறேன்."

எண்டர் எது என்று விரலால் தொடாமல் காட்டியும் கொடுத்தேன். அப்பா அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

அதற்குள் அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஆரம்பிக்கப் போகிறேன் என்று நினைத்துவிட்டாள். எங்கள் வீட்டில் மோட்டார் பம்பு வந்தாலும் சரி, பைக் வந்தாலும் சரி, கிரைண்டர் வந்தாலும் சரி, எல்லாரும் அதன்மேல் கை வைத்து அம்மா ஜெபித்த பிறகுதான் சுவிட்சைத் தொடமுடியும். லேப்டாப்புக்கு மட்டும் விதிவிலக்கு உண்டா? பாட்டுக்கு ஆபத்து என்று சொன்னால் அவள் அந்த இடத்திலேயே விழுந்துவிடுவாள் என்று பயந்து நான் வாயைத் திறக்கவில்லை. ஜெபம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். அம்மா கீபோர்டின் மேல் பக்கமாக உள்ளங்கையை வைத்தாள். நீங்களும் வையுங்க என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா வலது ஓரத்தில் கையை வைத்தார். நான் திரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடினோம்.

அம்மாவின் ஜெபம் குறுக்கு வழியில் போகாது. வானத்தையும் பூமியையும் உண்டாக்கியதற்கு நன்றி சொல்லி, வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களைக் காத்து, முட்டத்தில் கடலுக்குப் போனவர்களைக் கரைசேர்த்து, ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களைத் தொட்டு, மெதுவாகத்தான் லேப்டாப்புக்கு வரும். கடலுக்குப் போனவர்கள் கரைக்கு வருவதற்கு முன்னால் எனக்கு ஒரு சின்னச் சத்தம் கேட்டது. டக்.

கண்ணைத் திறந்தேன். பெட்டியைக் காணோம். திரையின் அடியில் ஒரு நீளக்கோடு நிரம்ப ஆரம்பித்திருந்தது. அப்பாவும் கண்ணைத் திறந்திருந்தார். என்னைப் பார்த்தார். பிறகு மூடிக்கொண்டார்.

எங்கள் வீட்டில் ஆமென் வருவதற்குள் யாரும் பேசமாட்டோம். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, ஜெப நேரத்தில் நாய் உள்ளே வந்து மீன்சட்டியை உருட்டியது எல்லார் காதிலும் விழுந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஆமெனுக்குப் பிறகு போய் முள்ளைப் பொறுக்கினோம். அன்று கற்றது என்னை விடவில்லை. காதோரம் நரைத்த ஆள், கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குத் தகப்பன், என்னால் "அம்மா" என்ற ஒரு சொல்லைச் சொல்ல முடியவில்லை. கோடு நிரம்பிக்கொண்டே போனது. அம்மா இந்த லேப்டாப்பை ஆசீர்வதியும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கண்ணைத் திறந்தபடியே, ஆண்டவரே இதை நிறுத்தும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரே மேசையில் இரண்டு ஜெபம்.

ஆமென் சொன்னதும் வெளியே ஓடிப்போய் பக்கத்து மேசைக்காரரைப் போனில் கூப்பிட்டேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "இனி ஒண்ணும் செய்ய முடியாது மக்கா" என்றார். துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

திரும்பி வந்தபோது லினக்ஸ் வந்து நின்றிருந்தது. அணைத்துப் போட்டால் கண்மூடித் திறப்பதற்குள் எழும்பியது. ஆண்டவர் ஜெபத்தைக் கேட்டார் பார்த்தாயா என்று அம்மா பூரித்துப்போனாள். எனக்குச் சாயங்காலம் வராமலிருந்தால் போதும் என்றிருந்தது. காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாமா, கரண்டு போகாதா, யாராவது விருந்தாளி வரமாட்டார்களா என்றெல்லாம் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அம்மா போன்களை வாங்கி அரிசி டப்பா மேல் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"பாட்டு எங்க மக்ளே வச்சிருக்க?"

சொன்னேன். பென் டிரைவ், பெட்டி, எண்டர், ஒன்றுவிடாமல் சொன்னேன். அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ ஜெபிச்ச கைதான் தட்டிச்சு" என்றாள்.

என் மனைவி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அப்போது அப்பா மேசையைத் தட்டினார்.

நாங்கள் பார்த்தோம். அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார். ஆள்காட்டி விரலை எங்களுக்குக் காட்டி, அம்மாவைப் பார்த்தபடியே எண்டரை ஒருமுறை மெதுவாகத் தட்டினார். டக். அந்த விரலால் தன் நெஞ்சைத் தொட்டார்.

"தெரிஞ்சா செஞ்சிய?" என்றாள் அம்மா.

அப்பா தலையசைத்தார். அப்போது எனக்கு வந்த பயம் மத்தியானம் வந்தது போன்றதில்லை. இத்தனை நாள் தினமும் சாயங்காலம் இந்த மனிதரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்ற பயம். அப்பாவின் உதடு அசைந்தது. அம்மாவுக்குப் புரியவில்லை. மறுபடி, நிறுத்தி நிறுத்தி அசைத்தார். நான்தான் வாசித்துச் சொன்னேன்.

"நான் இன்னும் சாகல்லண்ணு சொல்லுதாரு அம்மா."

அம்மா எழுந்து போய்விடுவாள், இனி ஜெபத்துக்கே வரமாட்டாள் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது. முகமெல்லாம் சிவந்துவிட்டது. இதை முதலிலேயே என்னிடம் சொன்னால் என்ன, நான் என்ன உங்களைக் கடித்தா தின்றுவிடுவேன் என்று ஒரு பாட்டம் தீர்த்தாள். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் கண்ணைத் துடைத்து, மூக்கைச் சிந்தி, லேப்டாப்பை மூடி ஓரத்தில் தள்ளிவைத்தாள்.

"சரி, பாட்ட எடுங்க" என்றாள், முன்பெல்லாம் சொல்வதுபோல.

அப்பா வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. விரலால் மேசையில் தாளம் போட ஆரம்பித்தார். அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முதல் வரியை எடுத்தாள். மேசை அதிரும்படி அப்பா ஒரு தட்டுத் தட்டி நிறுத்தினார். உள்ளங்கையைக் கீழே இறக்கிக் காட்டினார். அம்மா சுருதியைக் குறைத்து மறுபடி எடுத்தாள். அதுவும் போதாது என்று இன்னும் இறக்கச் சொன்னார்.