ஐந்து பேர் தைத்த குழந்தைச் சட்டை

எட்டாம் வகுப்பில் கணக்கும் சயின்ஸும் நம்மைக் கேட்டுக்கொண்டா வந்தன? நாமாகத் தேர்ந்தெடுக்க எங்கள் பள்ளிக்கூடத்தில் விட்டுவைத்தது ஒன்றே ஒன்றுதான். ஓவியம், தோட்டம், தையல், இந்த மூன்றில் ஒரு பாடம். எனக்குப் படம் வராது. தோட்டம் எடுத்த பிள்ளைகள் ஸ்ரீராம்புரத்து வெயிலில் வாளி தூக்குவதைப் பார்த்திருந்தேன். தையல் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எங்கள் அம்மா எட்டு வருஷமாக கார்மென்ட்ஸில் டெய்லர். எனக்கென்ன கவலை?

அந்தத் தெம்பிலேயே வருஷத்தை ஓட்டினேன். தையல் வகுப்பில் காஜா எடுக்கவும் பட்டன் வைக்கவும் மட்டும் கற்றுக்கொண்டேன். அதைச் செய்துகொண்டே கதை பேசலாம் என்பதுதான் காரணம். மெஷினில் என் முறை வரும்போதெல்லாம் அடுத்தவளுக்கு விட்டுக்கொடுத்து நல்ல பெயரும் வாங்கினேன். அம்மா வீட்டிலேயே சொல்லித் தருகிறாள் என்று மிஸ்ஸிடம் அளந்தும் வைத்திருந்தேன்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது மிஸ் குண்டைத் தூக்கிப் போட்டார். ஆளுக்கொரு குழந்தைச் சட்டை வீட்டில் தைத்துக்கொண்டு வரவேண்டும். வேறு யாராவது தைத்தது தெரிந்தால் ஃபெயில். அம்மாவைக் கூட்டிவந்தால்தான் ஒன்பதாம் வகுப்பு. காய்ச்சலுக்கே லீவு தராத கம்பெனி அம்மாவுடையது. ஆனாலும் டெய்லர் வீட்டில் இருக்கும்போது யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று தைரியமாகத்தான் இருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனி டெம்போவிலிருந்து இறங்கி வந்த அம்மாவிடம் துணியை நீட்டினேன். அம்மா துணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“எனக்குக் காலர் மட்டும்தாண்டி தெரியும்.”

விளையாடுகிறாள் என்று சிரித்தேன். அப்புறம்தான் விவரம் சொன்னாள். அங்கே வரிசையாக மெஷின்கள். ஒருத்தி பாக்கெட் வைப்பாள், ஒருத்தி கை வைப்பாள், ஒருத்தி பக்கம் மூட்டுவாள். துணி வெட்டியே கட்டுக்கட்டாக வரும். அம்மா காலர் வைத்து அடுத்தவளிடம் தள்ளிவிடுவாள். எட்டு வருஷமும் காலர்தான். முழுச் சட்டை ஒன்றை அவள் தைத்ததே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவுக்காக அல்ல, எனக்காகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் ஒற்றை அறை வீடு கம்பெனியாக மாறியது. எதிர்வீட்டு மெஷினைத் தூக்கிவந்து வாசலருகே போட்டார்கள். அம்மாவோடு வேலை செய்யும் நாலு பேர் வந்தார்கள். பாக்கெட் அக்கா, கை அக்கா என்றே அவர்களைக் கூப்பிட்டேன். ஒருவருக்கும் துணி வெட்டத் தெரியாது. கம்பெனியில் அது ஆண்கள் வேலை, வேறு மாடியில் நடப்பது. கடைசியில் என் குட்டித் தம்பியின் சட்டையை மூட்டுக்கு மூட்டு பிரித்து, துண்டுகளைப் புதுத் துணிமேல் பரப்பி அப்படியே வெட்டினார்கள். தம்பி போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது. பிறகு ஆளாளுக்கு மெஷினில் உட்கார்ந்து தன் பங்கைத் தைத்துவிட்டு எழுந்தார்கள். அம்மா உட்கார்ந்ததுதான் தெரியும், காலர் ஏறிவிட்டது.

“சூப்ரவைசர் கத்தாம எனக்குக் கையே ஓட மாட்டேங்குதுக்கா” என்றாள் பாக்கெட் அக்கா. ஐந்து பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவர்கள் போனபின் அம்மா என்னை விடவில்லை.

“யாராச்சும் கேட்டா ஒண்ணாவது தெரிஞ்சிருக்கணும். உக்காரு.”

பழைய புடவைத் துண்டுகளில் காலர் வைக்கச் சொல்லிக் கொடுத்தாள். பதினொரு காலரைப் பிரித்துப்போட்டாள். பன்னிரண்டாவதைத்தான் ஒப்புக்கொண்டாள். காஜாவும் பட்டனும் பாக்கி. கையால் காஜா எடுக்க அவர்களில் யாருக்கும் வராது, நீயே பண்ணிக்கொள் என்றாள். “முடிச்சதும் கொண்டாந்து காட்டு” என்றும் சொன்னாள். நான் மறுநாள் பள்ளியில் இடைவேளையில் உட்கார்ந்து முடித்து, அப்படியே மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டேன்.

மிஸ் சட்டையை உள்ளும் புறமும் திருப்பினார். “நீனே ஹொலித்யா?” என்றார். நீயேதான் தைத்தாயா என்று கன்னடத்தில் கேட்டால் அவருக்குக் கோபம் என்று அர்த்தம். தலையாட்டினேன். மிஸ் ஒரு துண்டுத் துணியை எடுத்து மெஷின்மேல் போட்டார்.

“எங்கே, காலர் வெச்சுக் காட்டு. அதுலதான் எல்லாரும் மாட்டுவீங்க.”

போன உயிர் திரும்பி வந்தது. கை வைக்கச் சொல்லியிருந்தால் தொலைந்தேன். பாக்கெட் என்றாலும் தொலைந்தேன். பதின்மூன்றாவது காலரை வைத்தேன். மிஸ் அதன் முனையை விரலால் நீவிப் பார்த்தார். நோட்டில் எண்பத்திரண்டு என்று எழுதினார். அப்பாடா! அதற்குப் பிறகு எத்தனையோ பரீட்சை எழுதிவிட்டேன், அந்த மாதிரி மூச்சு விட்டதில்லை.

அன்றே பள்ளி விடும்போது சட்டைகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். என்னுடையதைக் கேட்கப் போய், மிஸ் இன்னொரு கேள்வி கேட்டுவிட்டால்? அலமாரியிலேயே விட்டுவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் மார்க்கைச் சொன்னதும் அம்மா என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

“சட்ட எங்கடி?”

“ஸ்கூல்லயே வெச்சுக்கிட்டாங்க.”

கொஞ்ச நேரம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். பிறகு, என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

“பட்டனெல்லாம் வெச்சப்புறம் எப்டி இருந்துச்சு?”

“சட்ட மாதிரிதாம்மா இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு, பாஸான சந்தோஷத்தில் விளையாட ஓடினேன். அம்மா அதை எதற்குக் கேட்டாள் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.