நாலரை மணிக் குச்சி

லைல் ஹாகனின் இடது புட்டத்தில் ஒரு நரம்பு உண்டு. எல்லோருக்கும்தான் உண்டு, மற்றவர்களுடையது வாயைத் திறப்பதில்லை. அமெரிக்காவின் டுலூத் நகரில் இருபத்தாறு குளிர்காலம் பனி வாரும் லாரி ஓட்டியவர் என்பதால், லைலுடையது இடுப்பில் தொடங்கித் தொடையின் பின்பக்கமாக இறங்கிச் சுண்டுவிரல் வரை மின்சாரம் விட்டது.

"சயாட்டிகா," என்றாள் பிசியோதெரபி பார்க்கும் டெஸ். "ஆறு வாரம் ஓடக் கூடாது. நடங்க. சொல்லிக்குடுத்த பயிற்சியைப் பண்ணுங்க. வலி கால்ல கீழ இறங்கினா உடனே நிறுத்திடணும்."

"சரி," என்றார் லைல். ஓட்டக்காரர்கள் சொல்லும் இந்தச் 'சரி'க்கு எந்த ஊரிலும் மதிப்புக் கிடையாது.

நான்கு வாரத்தில் ஏரிக்கரை மாரத்தான், இருபத்தாறு மைல். '4:30' என்று எழுதிய குச்சியைத் தூக்கிக்கொண்டு ஒரே சீராக ஓடுபவர் ஆண்டுதோறும் அவர்தான். அவர் பின்னால் ஓடினால் நாலரை மணி நேரத்தில் எல்லைக்கோடு. பனி லாரியைப் பார்த்து யாரும் கைதட்டியதில்லை. குச்சியைப் பார்த்துத் தட்டினார்கள். விட மனம் வருமா?

"வாட்சைக் கழட்டிப் பையில போடுங்க," என்றார் தொடக்கக் கோட்டில், தன் பின்னால் ஓட நின்றவர்களிடம். "குச்சியைப் பாத்தா போதும். நேரம் என் பொறுப்பு."

முதலில் கழற்றியவள் டோரீன். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஆறு மாரத்தான் ஓடி, ஆறிலும் நாலரையைத் தவறவிட்டவள்.

இருபதாவது மைலில் மின்சாரம் சுண்டுவிரலுக்குப் போனது. குச்சியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்க வேண்டும் என்பது விதி. லைல் பல்லைக் கடித்தார், வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்த பதினைந்து பேரும் விசுவாசமாகக் குறைத்தார்கள். எல்லைக்கோட்டின் கடிகாரம் 4:34 காட்டியது.

டோரீன் அவரைக் கட்டிக்கொண்டாள். "எனக்கு மூச்சு வாங்குதுன்னுதானே மெதுவாப் போன? என்னால எல்லாருக்கும் கெட்டுப்போச்சு. நீ தங்கம், லைல்."

உண்மையைச் சொல்ல வாய் வேண்டும். அவர் வாயில் வாழைப்பழம் இருந்தது.

மூன்று வாரம் அவருக்குத் தூக்கமில்லை. நரம்பின் மேல் பழியைப் போட்டுப் பார்த்தார், அது ஏற்கவில்லை. கம்பளத்தில் நாலு காலில் நின்று, வலக்கையையும் இடக்காலையும் நீட்டிப் பயிற்சி செய்துகொண்டிருந்த ஒரு காலையில், கையில் கேக்கோடு டோரீன் உள்ளே வந்தாள்.

"என்ன லைல், நாய் மாதிரி கம்பத்தைத் தேடுறியா?" என்று சிரித்தாள். பிறகு சோபாவில் உட்கார்ந்து, "நான் ஓட்டத்தை விட்டுட்டேன். ஷூவை அக்கா பொண்ணுக்குக் குடுத்தாச்சு. உன் பின்னாடி ஓடியும் முடியலன்னா கோளாறு என் கால்லதான்," என்றாள்.

லைல் நீட்டிய காலைக் கீழே வைத்தார். எழுந்திருக்கத் துணிவில்லை.

"கோளாறு என் கால்ல, டோரீன். ஓடக் கூடாதுன்னு டெஸ் சொல்லியிருந்தா. இருபதாவது மைல்ல வலி தாங்கல. மறைச்சிட்டேன்."

"நீ வாட்ச் பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்போ?"

"இருபத்திரண்டுல."

"அப்போ எனக்கு மூச்சு வாங்கல?"

"வாங்கல. நீ பாட்டுப் பாடிக்கிட்டே வந்த."

டோரீன் எழுந்து கேக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று அக்கா மகளுக்குப் போன் போட்டாள்: "அந்த ஷூவைப் போட்டுக்கிட்டு எங்கயும் போயிடாத. வந்துட்டிருக்கேன்." லைல் பக்கம் திரும்பவே இல்லை.

உண்மை தெரியாதவர்கள் மிச்சம் பதினான்கு பேர். அவர் ஓட்ட மன்றத்துக்குப் போன் செய்து பெயர்களைக் கேட்டார்.

"எதுக்கு லைல், வாழ்த்து அட்டையா?" என்றாள் எடுத்தவள்.

"அந்த மாதிரிதான்."

வைத்த பிறகுதான் இதுவும் பொய் என்று உறைத்தது. மறுபடி எண்ணை அழுத்தினார்.