விண்கலத் தலைவனுக்கு என் மீசை

ஜீடிமெட்லா தொழிற்பேட்டையில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் நான் ஷிப்ட் பொறுப்பாளர். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஒரு திகில் காமிக்ஸ் வரைந்திருந்தாள். விண்கலத்துக்குள் விஷவாயு கசிகிறது. ஊழியர்கள் ஒவ்வொருவராக உருகிச் சாகிறார்கள். தலைவன் மட்டும், "வெறும் நெடிதான், வேலையைப் பாருங்க" என்கிறான். அவனுக்கு என் மீசை, என் கண்ணாடி. வசனமும் என்னுடையதுதான். ஆலை ஆட்கள் போனில் நெடி பற்றிப் புகார் சொல்லும்போதெல்லாம் நான் வீட்டிலிருந்தே சொல்வது.

கோபத்தில் கிழித்தேன்.

"நக்கோ டாடி, கிழிக்காதீங்க! நீங்க சொன்னதைத்தானே எழுதினேன்?"

மறுநாள் காலை மருந்து தயாராகும் ரியாக்டர் அருகே அதே நெடி. அதே வசனம் என் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஒன்பது பேரையும் வெளியே அனுப்பினேன்.

மேலாளர் ஓடிவந்தார். "யாரைக் கேட்டு நிறுத்தினீங்க? பேட்ச் மொத்தமும் வீணாகுது!"

"கசிவை அடைச்சாத்தான் உள்ளே வருவாங்க சார். நானும்தான்."

"உங்க வேலை போயிடும்."

"போகட்டும் சார்."

வேலையை நிறுத்தியதற்கு நிர்வாகத்தில் மன்னிப்புக் கடிதம் கேட்டிருக்கிறார்கள். கிழித்த பக்கங்களை டேப் போட்டு ஒட்டிவிட்டு எழுத உட்கார்ந்தேன். ஒரே வரிதான் எழுதினேன்: மறுபடி அந்த நெடி வந்தால் மறுபடியும் நிறுத்துவேன்.